கல்லில் முளைத்த கோரை



பண்டைய எகிப்தின் கட்டடக்கலை என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது அதன் எடை. மலைபோல் குவிந்த கல், அசைக்க முடியாத பாரம், வானை முட்டும் கூம்பு. பாடநூல்களும் படக்காட்சிகளும் இந்த எண்ணத்தையே நமக்குள் ஊன்றியிருக்கின்றன. கல்லை வென்றவர்கள் என்று எகிப்தியரைப் புகழ்கிறோம். எத்தனை டன், எத்தனை ஆள், எப்படி இழுத்தார்கள் என்று கேட்கிறோம். இக்கேள்விகள் தேவையானவைதான். ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், அந்தக் கற்கள் என்ன உருவம் கொண்டு நிற்கின்றன என்பதைப் பார்க்காமலே திரும்பிவிடுவோம். தூணைப் பாருங்கள்: கட்டிவைத்த தண்டுகள். தூணின் தலையைப் பாருங்கள்: விரிந்த பூ, மூடிய மொட்டு, பனையோலை. சுவரின் உச்சியைப் பாருங்கள்: வெளிப்புறம் வளைந்து சாயும் மட்டைகளின் வரிசை. சுவர் மூலையைப் பாருங்கள்: கயிறு சுற்றிய நாணல் கட்டு. உலகிலேயே மிகப் பெரிய அளவில் கல்லில் கட்டியவர்கள், தங்கள் கல்லுக்குக் கொடுத்தது நாணலும் கோரையும் ஓலையும் பாயும் கொண்ட குடிசையின் உருவத்தை. இது பழக்கத்தால் தொடர்ந்ததும் அன்று, வெறும் அலங்காரமும் அன்று. அழியக்கூடிய ஒரு கட்டடத்தை அழியாமல் நிறுத்துவதற்காகவே அவர்கள் கல்லை நாடினார்கள். ஆகவே அந்த அழியக்கூடிய உருவத்தைக் கைவிட்டிருந்தால் கல்லில் கட்டியதன் நோக்கமே அவர்களுக்குக் கைகூடியிருக்காது. இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

சான்று தொடங்கும் இடம் சக்காரா. கி.மு. 2650 அளவில், மூன்றாம் அரசமரபைச் சேர்ந்த ஜோசர் மன்னனுக்காக எழுந்த அடக்கத் தலம் அது. அதை வகுத்தவராகக் கருதப்படும் இம்ஹோதெப்பின் பெயர் ஜோசருடைய சிலை ஒன்றின் பீடத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆறு படிகளாக ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு எழும் பிரமிடைத்தான் எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். நம் பொருளுக்கு அதைச் சுற்றியிருப்பவையே முக்கியம். பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்த வெண்சுண்ணக்கல் மதில், முழுச் சுற்றளவில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கூடுதல். அதில் 15 வாயில்கள் தெரிகின்றன. 14 பொய் வாயில்கள், உண்மையான வழி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் நுழைந்தால் பக்கத்தில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது. அதுவும் கல்தான். மரக் கதவு ஒன்று சுவரோரமாகத் திறந்து சாய்ந்திருப்பதைப் போலச் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அது என்றும் மூடாது. அதைக் கடந்தால் இருபுறமும் 40 தூண்கள் கொண்ட நடை. ஒவ்வொரு தூணும் நீளத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டியது போல மேலிருந்து கீழ்வரை வரிவரியாகச் செதுக்கப்பட்டது. மேலே அண்ணாந்து பார்த்தால் மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கிய கூரை. அந்தக் கட்டைகளும் கல்லே, அடிப்பக்கம் உருண்டையாகத் தெரியும்படி செதுக்கியவை. விழா முற்றத்துக்குப் போனால் வளைந்த கூரைகளோடு வரிசையாகச் சிறு கோயில்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் போக முடியாது, ஏனென்றால் உள்ளே இடமே இல்லை. உட்புறம் முழுவதும் கல்லும் சல்லியும் போட்டு நிரப்பப்பட்டது.

இந்தப் பொய்க் கோயில்களைப் பார்த்து முதலில் எழும் விளக்கம், இவை நாடக மேடையின் பின்னணி போன்ற காட்சி அமைப்பு என்பது. அப்படியானால் பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்தவை என்று ஆகும். இதை ஏற்க முடியாததற்குக் காரணம் பிரமிடின் அடியில் கிடைக்கிறது. ஏழு மீட்டர்ச் சதுரத்தில் 28 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் குழியையும் அதிலிருந்து பிரியும் சுரங்க அறைகளையும் அங்கே குடைந்தார்கள். சில அறைகளின் சுவர்களில் நீலப்பச்சை நிற ஃபயான்ஸ் ஓடுகளைப் பதித்தார்கள். படிகக்கல் தூளைச் செம்புக் கலவையோடு சூளையிலிட்டுப் பளபளக்கச் செய்யும் பொருள் அது. விரல் அளவுள்ள சிறு ஓடுகள், முகம் சற்றே புடைத்தவை. மொத்தம் சுமார் 36,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஓட்டின் பின்புறத்திலும் ஒரு சிறு மேடு, அந்த மேட்டில் ஒரு துளை. அதில் சரடு கோத்துச் சுவரில் சாந்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். வரிசையாகப் பதிந்தபின் சுவர் முழுவதும் நாணல் பாய் தொங்குவது போலவே தோன்றும். புடைப்பு ஒவ்வொன்றும் ஒரு தண்டு, வரிசைகளின் இடைவெளி பாயைப் பின்னிய கயிறு. இந்த வேலை அத்தனையும் அடைத்து மூடிய இருட்டில் கிடந்தது. மன்னனை அடக்கம் செய்தபின் அங்கே நின்று பார்க்க ஒரு கண்ணும் இல்லை. பார்ப்பவரை மகிழ்விப்பதுதான் அலங்காரத்தின் வேலை என்றால், இந்த 36,000 ஓடுகளும் வீண் வேலை. வீண் வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் இட்ட துளையிலேயே தெரிகிறது. பாய் அங்கே இருக்க வேண்டும். அது மக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது.

அந்தப் பாயின் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் வழி இன்னும் தெளிவாகிறது. ஜோசருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய முதல் அரசமரபுக் கல்லறைகள் பச்சைச் செங்கல்லால் ஆனவை. சக்காராவிலேயே உள்ள அத்தகைய கல்லறை ஒன்றின் மாடம் மாடமாக மடிந்த வெளிச்சுவரில் பாய்ப் பின்னலின் வடிவங்களை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். அதாவது தொங்கவிட்ட பாய் முதலில் ஓவியமாயிற்று, பிறகு ஃபயான்ஸ் ஓடாயிற்று, இறுதியில் கல்லாயிற்று. கடைசிக் கட்டத்தைப் பழைய அரசுக் காலக் கல்லறைகளின் பொய்க் கதவுகளில் காணலாம். இறந்தவரின் உயிராற்றல் வந்து படையலைப் பெற்றுச் செல்லும் வழி அது. கல்லில் செதுக்கிய, திறக்காத கதவு. நடுவில் ஒடுங்கிய ஒரு வாய், அதன் உச்சியில் படுக்கையாக ஓர் உருளை. அந்த உருளை என்னவென்று பார்த்தால், வாயிலில் மறைப்பாகத் தொங்கவிட்டுப் பகலில் மேலே சுருட்டிக் கட்டிவைத்த பாய். சுருட்டிய பாய் கல்லில் சுருண்டே நிற்கிறது. வீட்டு வாசலில் ஓலைத் தட்டியைச் சுருட்டிக் கட்டிப் பழகிய எவருக்கும் அந்தக் கை அசைவு தெரியும். எகிப்தியக் கொத்தர் அந்த அசைவு முடிந்த நொடியைத்தான் நிலைநிறுத்தியிருக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு வலுவாக எழும். சக்காரா, கல் கட்டடத்தின் தொடக்கம். புதிய பொருளைக் கையிலெடுப்பவர் பழைய பொருளின் வடிவங்களைத்தான் முதலில் பார்த்துச் செய்வார். அங்கே அடுக்கிய கற்கள் செங்கல் போலச் சிறியவை. கல்லின் வலிமையை அவர்கள் இன்னும் அறியவில்லை. தூண்களைத் தனித்து நிறுத்தத் துணிவின்றி ஒவ்வொன்றையும் ஒரு குட்டைச் சுவரோடு ஒட்டிவைத்தார்கள். ஆகவே நீங்கள் சொல்லும் நாணலும் பாயும் கற்றுக்குட்டித்தனத்தின் எச்சங்களே என்பது மறுப்பு. இதில் பாதி உண்மை. ஒட்டிவைத்த சுவரை அச்சம் விளக்கிவிடும். ஆனால் தூணில் செதுக்கிய வரிகளை அச்சம் விளக்காது. கல் நிற்குமா என்று அஞ்சும் கொத்தர், மழுங்கிய கட்டைத் தூணாக விட்டிருப்பார்; அதுதான் எளிது, பாதுகாப்பும் கூட. அதே தலத்தில் வடக்கு மாளிகை என்று அழைக்கப்படும் கட்டடத்தின் முற்றத்துச் சுவரில் மூன்று அரைத்தூண்கள் இருக்கின்றன. அவை சுவரோடு ஒன்றியவை, எதையும் தாங்கவில்லை. அவற்றின் தண்டு முக்கோணம், உச்சியில் குடைபோல் விரிந்த பூங்கொத்து. இது பாப்பிரஸ். நம் பத்தமடைப் பாய் நெய்யும் கோரையும் நைல் சதுப்பின் பாப்பிரஸும் தாவரவியலில் ஒரே பேரினம். சைபரஸ் என்பது அதன் பெயர். கோரைத் தண்டை விரலிடையில் உருட்டிப் பார்த்தவருக்கு அது உருளாமல் மூன்று பட்டையாக நிற்பது தெரியும். 4,600 ஆண்டுகளுக்கு முன் சக்காராக் கொத்தர் சுண்ணக்கல்லில் காட்டியது அந்த மூன்று பட்டையைத்தான். எதையும் தாங்காத தூணில், ஒரு செடியின் குறுக்குவெட்டு வரை சரியாகச் செதுக்கியவர், வேறு வழி தெரியாமல் செய்தார் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு மறுப்பு கிசாவிலிருந்து வரும். இதற்கு நான் அதிக மதிப்பளிக்கிறேன். ஜோசருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்த குஃபுவின் பெரும் பிரமிடில் எந்தச் செடியும் இல்லை. அங்கேயே காஃப்ரே மன்னனின் பள்ளத்தாக்குக் கோயிலுக்குள் நுழைந்தால் சிவப்புக் கருங்கல்லில் ஒற்றைக் கல்லாக நிறுத்திய சதுரத் தூண்கள், அவற்றின் மேல் அதேபோன்ற மழுங்கிய உத்தரங்கள். செதுக்கு வேலை ஏதுமில்லை. கல் கல்லாகவே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர்கள் மெச்சக்கூடிய துறவு அது. எனவே நான்காம் அரசமரபு கல்லுக்கே உரிய மொழியைக் கண்டுபிடித்துவிட்டது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அடுத்து என்ன நடந்தது? காஃப்ரேக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழியும் முன்னரே, ஐந்தாம் அரசமரபின் சஹூரே அபுசிரில் தன் பிரமிடுக் கோயிலைக் கட்டினான். 1907-08இல் லுட்விக் போர்க்கார்ட் அதை அகழ்ந்தார். எகிப்தியச் செடித்தூண்களைப் பற்றி 1897-லேயே தனி நூல் எழுதியவர் அவர். கருநிற பசால்ட் தளம் பாவிய முற்றத்தைச் சுற்றி அங்கே 16 தூண்கள் நின்றிருந்தன. கல் அதே சிவப்புக் கருங்கல், நைல் வழியே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஸ்வானிலிருந்து வந்தது. உருவமோ பேரீச்ச மட்டைகள். செம்புக் கருவிக்கு எளிதில் மசியாத கல் அது; கடுங்கற்களால் இடித்தும் மணலைத் தேய்த்துமே அதை வடிக்க வேண்டும். சதுரமாக விட்டிருந்தால் அந்த உழைப்பில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். கல்லின் மொழி கையில் இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு ஓலைக்குத் திரும்பினார்கள் என்பதே கிசா நமக்குத் தரும் சான்று. மாற்று வழி தெரியாதவர் செய்வதைப் பழக்கம் எனலாம்; தெரிந்தவர் செய்தால் அது தேர்வு.

அந்தப் பனைத்தூணைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பெயர்தான் பனைத்தூண், பனையோ பேரீச்சையோ மரமாக அதில் இல்லை. மரத்தைக் காட்ட நினைத்திருந்தால் அடிமரத்தின் செதில்களைக் காட்டியிருப்பார்கள். தண்டு வழுவழுப்பாக இருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஐந்து சுற்றுக் கயிறு. கயிற்றுக்கு மேலே மட்டைகள் நிமிர்ந்து நுனியில் வெளிப்புறம் வளைகின்றன. ஐந்தாம் சுற்றுக்குக் கீழே கயிற்றின் கண்ணி ஒன்று தொங்குகிறது. கட்டி முடித்தபின் மிஞ்சிய கயிற்றை மடித்துச் செருகினால் விழும் கண்ணி அது. ஆக இத்தூண் காட்டுவது ஒரு கம்பத்தையும் அதன் தலையில் யாரோ கட்டிய ஓலைகளையும். விழாவுக்குப் பந்தல் போடுகிறவர் கம்பத்தில் குருத்தோலை கட்டுகிற அதே செயல். கட்டிய கை போய்விட்டது, ஓலை வாடியிருக்க வேண்டும், கயிறு இற்றிருக்க வேண்டும். கருங்கல்லில் கண்ணி இன்னும் தொங்குகிறது. ஓர் இலையை அழகுக்காகச் செதுக்குகிறவருக்கு அந்தக் கண்ணி தேவையில்லை. கட்டடம் கட்டப்பட்ட விதத்தையே காக்க நினைப்பவருக்குத்தான் அது தேவை.

புதிய அரசுக் காலத்தில் இந்தக் காப்பு அளவில் பெருகியது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் லக்சோரில் கட்டிய முற்றத்துத் தூண்கள் மொட்டவிழாத பாப்பிரஸ் கட்டுகள். ஒவ்வொரு தண்டின் முதுகிலும் கூரான ஒரு விளிம்பு ஓடுகிறது. தாமரைத் தண்டு உருண்டை, கோரைத் தண்டு பட்டை என்பதால் அந்த விளிம்பை வைத்தே ஆய்வாளர் இருவகைத் தூண்களையும் பிரித்தறிகிறார்கள். அடியில் தண்டு சற்றே ஒடுங்குகிறது. சேற்றிலிருந்து மேலே வரும் கோரை அப்படித்தான் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தைச் சுற்றி முக்கோணமாக எழும் உறை இலைகள். பிறகு கர்னாக். முதலாம் சேத்தியும் இரண்டாம் ராம்செஸும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் நிறைவாக்கிய பெரு மண்டபத்தில் 134 தூண்கள். நடுவழியில் இருபுறமும் ஆறு ஆறாக 12, ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். அவற்றின் தலை விரிந்த பூ. மற்ற 122 தூண்களும் தாழ்ந்தவை, அவற்றின் தலை மூடிய மொட்டு. நடுக்கூரை உயர்ந்து பக்கக்கூரை தாழ்ந்திருப்பதால் இடைப்பட்ட கல் சாளரங்களின் வழியே ஒளி நடுவில்தான் விழும். ஒளி படும் இடத்தில் பூ மலர்ந்திருக்கிறது, நிழலில் மொட்டாக இருக்கிறது. செடி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் தூண்களும்.

தூண் எடையைத் தாங்குவதற்கு. கோரையோ காற்றுக்கே வளையும் செடி. பாரம் தாங்கும் இடத்தில் பாரம் தாங்காததன் உருவத்தை வைப்பது கட்டட அறத்துக்கே முரண் என்று ஒரு குறை சொல்லலாம். கர்னாக்கில் விரிந்த பூவின் கீழ் நின்று மேலே பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. பூவுக்கும் உத்தரத்துக்கும் நடுவே எடையை வாங்கும் சதுரக் கல் ஒன்று உண்டு. அது பூவின் விரிவைவிடக் குறுகியது. ஆகையால் கீழே நிற்பவர் கண்ணுக்கு அது மறைந்துபோகும். பூ எதையும் தொடாமல் விரிந்து நிற்க, கூரை அதற்கு மேலே தனியே இருப்பது போலத் தோன்றும். எகிப்தியக் கோயில்களின் கூரை அடிப்பரப்பு நீலம் தீட்டி விண்மீன்கள் இட்டது, அது வானம். வானத்தைக் கோரை தாங்குவதில்லை, கோரைக்கு மேல் வானம் இருக்கிறது. எடையைச் சுமக்கும் வேலையைக் கல் சத்தமின்றிச் செய்கிறது. அதைப் பற்றிப் பேசுவது அவர்கள் கலையின் வேலையாக இருக்கவில்லை. நம் காலத்தின் கட்டட அறத்தை அவர்கள் மேல் ஏற்றி, அவர்கள் அதை மீறினார்கள் என்று சொல்வதில் பொருளில்லை.

அதைவிடக் கூர்மையான மறுப்பும் கர்னாக்கிலேயே உண்டு. அந்த 122 தூண்களின் தண்டில் வரிகள் இல்லை. வழுவழுவென்று உருண்டு, மன்னன் தெய்வத்துக்குப் படைக்கும் காட்சிகளால் நிறைந்திருக்கின்றன. ராம்செஸ் காலத்திலேயே செடி மறந்துபோய்ச் சம்பிரதாயம் மட்டும் மிஞ்சிவிட்டதா? கிரேக்கரிடம் அப்படித்தான் நடந்தது. அவர்களுடைய டோரியக் கோயிலின் உத்தரத்தில் உள்ள மூவரிப் பட்டைகள் மர விட்டங்களின் முனைகளிலிருந்து வந்தவை என்று ரோமானியர் விட்ருவியஸ் எழுதினார். அது சரியாகவே இருந்தாலும் பார்த்தினானில் நிற்பவர் யாரும் விட்டத்தை நினைக்க மாட்டார். அங்கே அது விகிதத்தின் ஓர் அலகு. எல்லாக் கல் கட்டடமும் மரத்திலிருந்து தொடங்கிப் பிறகு மரத்தை மறக்கிறது, எகிப்தும் அதற்கு விலக்கல்ல என்று வாதிடலாம். ஆனால் கர்னாக்கில் தண்டை வழுவழுப்பாக்கியது மறதியன்று. சிற்பக் காட்சிகளுக்குப் பரப்பு வேண்டியிருந்தது. அதற்காகத் தண்டின் வரியை விட்டுக்கொடுத்து, அடி ஒடுக்கத்தையும் உறை இலைகளையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் ஆயிரம் ஆண்டு கழித்து, தாலமிகளும் ரோமப் பேரரசர்களும் ஆண்ட காலத்தில் என்ன ஆயிற்று என்பது இன்னும் வியப்பானது. எட்ஃபு, ஃபிலே, எஸ்னா கோயில்களில் தூண்தலைகள் முன்னெப்போதையும்விடச் செழித்தன. பாப்பிரஸ், பேரீச்சை, தாமரை, திராட்சை எல்லாம் அடுக்கடுக்காக, அடுத்தடுத்த தூண்களிலேயே வெவ்வேறாக. எஸ்னாவின் மண்டபத்தில் படிந்திருந்த கரியையும் அழுக்கையும் 2018 முதல் துடைத்தெடுத்தபோது பச்சையும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வண்ணங்கள் வெளிவந்தன. நாம் பழுப்பாகப் பார்த்துப் பழகிய தூண்கள் பசுமையாக நின்றிருக்கின்றன. மறந்துகொண்டிருக்கும் மரபு இப்படி முடிவில் வந்து தழைக்காது.

நாணல் கட்டடம் எதுவும் இன்று இல்லாதபோது, கல்லைப் பார்த்து நாணலை ஊகித்து, பிறகு அந்த நாணலைக் கொண்டே கல்லை விளக்குவது வட்டமாகச் சுற்றும் வாதம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையைக் கல்லுக்கு வெளியிலிருந்து தரவேண்டும். மூன்று இடங்களில் அது கிடைக்கிறது. மேல் எகிப்தின் நெகென் நகரில், அரசுகள் தோன்றும் முன்னரே, சடங்கு முற்றம் ஒன்றின் முகப்பில் பெரும் மரக்கம்பங்கள் ஊன்றிய குழிகள் அகழாய்வில் வெளிப்பட்டன. நார்மெர் மன்னனின் கதாயுதத் தலையில் உள்ள புடைப்புச் சிற்பத்தில், உச்சியில் கொக்கு நிற்கும் எளிய கோயில் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டின் தொன்மைக் கோயில்களைக் குறிக்கும் எழுத்துருக்களும் கழியும் பாயும் கொண்ட கட்டடங்களையே காட்டுகின்றன. இரண்டாவது சான்று மூன்றாம் துட்மோஸின் கல்வெட்டு. கர்னாக்கில் ப்தா தெய்வத்தின் கோயில் செங்கல் சுவரோடும் மரத் தூண்களோடும் மரக் கதவுகளோடும் சிதையத் தொடங்கியிருந்ததைத் தான் கண்டதாகவும், அதை மணற்கல்லில் புதுப்பித்ததாகவும் அம்மன்னன் பதிவு செய்கிறான். மரம், மண், பிறகு கல் என்ற மாற்றத்தை அதைச் செய்தவரே தம் வாயால் சொல்கிறார்; செய்த காரணத்தையும் சொல்கிறார். மூன்றாவது, என் பார்வையில் மிக வலியது, எட்ஃபு. கி.மு. 237இல் தொடங்கி 57இல் முடிந்த அந்தக் கோயிலின் சுவர்களில், உலகின் முதல் கோயில் எப்படித் தோன்றியது என்ற தொன்மம் நீளமாக எழுதப்பட்டிருக்கிறது. எங்கும் நீராக இருந்தபோது ஒரு மேடு தலைகாட்டியது; அங்கே நின்ற ஒரு நாணலில் பருந்துத் தெய்வம் வந்து அமர்ந்தது; அந்த நாணலைச் சுற்றி அடைப்பு எழுந்தது; அதிலிருந்து கோயில் வளர்ந்தது. மூவாயிரம் ஆண்டு மரபின் கடைசியில், மணற்கல்லில், தங்கள் கட்டடத்தின் வித்து நாணல் என்று அவர்களே எழுதிவைத்துவிட்டார்கள். இதற்கு மேல் நாம் ஊகிக்க என்ன இருக்கிறது?

இந்தத் தொன்மத்தை வைத்துக்கொண்டு கோயிலின் அமைப்பைப் படித்தால் தரையின் ஏற்றமும் பொருள் பெறுகிறது. வாயிலிலிருந்து கருவறை நோக்கிப் போகப்போகத் தளம் உயர்கிறது, கூரை தாழ்கிறது, இருள் கூடுகிறது. கருவறை மேடு; மண்டபம் அந்த மேட்டைச் சூழ்ந்த சதுப்பு. இதைப் பிற்கால அறிஞர் கற்பனை என்று ஒதுக்க முடியாதபடி நைல் நதியே சில ஆண்டுகளில் நடித்துக் காட்டியது. இரண்டாம் இடைக்காலத்தைச் சேர்ந்த எட்டாம் சோபெக்ஹோதெப்பின் கல்வெட்டு, வெள்ளம் புகுந்த கர்னாக் மண்டபத்துக்கு மன்னன் சென்றதைப் பெருமையாகச் சொல்கிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் மூன்றாம் ஓசோர்கோன் காலத்து லக்சோர்க் கல்வெட்டு, தீபெஸ் நகரத்துக் கோயில்கள் எல்லாம் சதுப்பு நிலம்போல் ஆனதைப் பதிவுசெய்கிறது. ஆனால் அது அழிவைக் கண்டு தெய்வத்திடம் முறையிடும் குரல். தூண்களுக்கிடையே நீர் நிற்பது ஒரு மன்னனுக்கு விழாவாகவும் இன்னொருவன் காலத்தில் துயரமாகவும் இருந்திருக்கிறது. சான்றை நமக்கு வேண்டிய பக்கம் மட்டும் திருப்பக் கூடாது என்பதால் இரண்டையும் சொல்கிறேன். அதே காரணத்தால், கோயில்களின் வெளி மதில்களில் செங்கல் வரிசைகள் அலைபோல் ஏறி இறங்குவதை ஆதிநீரின் அலை என்று விளக்கும் கருத்தை என் வாதத்துக்குத் துணையாக எடுக்கவில்லை. நிலம் அமிழ்ந்தாலும் சுவர் வெடிக்காமல் இருக்க அப்படி அடுக்கியிருக்கலாம். கொத்தரின் கவலையே அதற்குப் போதுமான விளக்கம்.

இத்தனை பேசியபின் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: கல் அவ்வளவு கையிலிருந்தும் எகிப்தியர் தாம் வாழ எதில் கட்டினார்கள்? மன்னர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளரின் ஊரான தெய்ர் எல்-மதீனாவில், உலகிலேயே சிறந்த கல்தச்சர்கள், அடித்தளத்துக்கு மட்டும் கல்லை வைத்து, மேலே பச்சைச் செங்கல் சுவர் எழுப்பிக் குடியிருந்தார்கள். மூன்றாம் அமென்ஹோதெப்பின் மல்கட்டா அரண்மனையும் பச்சைச் செங்கல்தான். அவன் மகன் அகெனாதென் அமர்னாவில் எழுப்பிய அரண்மனையின் மண்சாந்துத் தளத்தில் குளமும் மீனும் கோரைப் புதரும் அதிலிருந்து பறந்தெழும் வாத்துகளும் தீட்டியிருந்தார்கள். 1891-92இல் அதை வெளிக்கொணர்ந்த ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி, வண்ணம் உதிராமலிருக்க மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, தம் விரலின் பக்கவாட்டால் அந்தத் தளம் முழுக்கத் தடவினார். தூரிகை பட்டால் ஓவியம் பெயர்ந்துவிடும் என்ற கவலை. அவ்வளவு பொத்திப் பாதுகாத்த தளத்தை 1912இல் உள்ளூர்க்காரர் ஒருவர் கோபத்தில் கொத்திப் போட்டுவிட்டார். மீட்டெடுத்த துண்டுகளே இன்று இருக்கின்றன. வாழும் மன்னனின் சதுப்பு மண்சாந்தில் தீட்டியது, தெய்வத்தின் சதுப்பு மணற்கல்லில் செதுக்கியது. இரண்டிலும் படம் ஒன்றே. எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. வாழ்பவன் வீடு ஒரு தலைமுறைக்கு, பிறகு இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். இறந்தவனுக்கும் தெய்வத்துக்கும் கட்டுவது திரும்பக் கட்ட ஆளில்லாத வீடு. கல்லை அவர்கள் காலத்தின் அளவாகவே கையாண்டார்கள்.

தாங்கள் காக்க நினைத்த செடிக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தக் கொத்தர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. சதுப்புகள் வயல்களாயின, 19ஆம் நூற்றாண்டில் எகிப்தின் நைல் கரையில் பாப்பிரஸ் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1960களில் ஹசன் ரகப் என்பவர் சூடானிலிருந்து நாற்றுக் கொண்டுவந்து மீண்டும் பயிரிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் எகிப்தில் ஒருவருக்குப் பாப்பிரஸின் தண்டும் உறை இலையும் பூங்கொத்தும் எப்படியிருக்கும் என்று காட்ட வேண்டுமானால் கர்னாக்குக்கோ லக்சோருக்கோதான் அழைத்துப்போக வேண்டும். அந்தக் கர்னாக்கிலும் 1899 அக்டோபர் 3 அன்று மண்டபத்தின் 11 தூண்கள் சரிந்தன. ஆழமில்லாத அடித்தளமும் அதில் ஊறிய நீரும் காரணம். ஜார்ஜ் லெக்ரேன் அவற்றைக் கல் கல்லாக எடுத்து நிறுத்தினார். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் ஆண்டுதோறும் வந்து உப்பைக் கழுவிச் சென்ற வெள்ளம் நின்றுவிட்டது. பாசனத்தால் ஏறிய நிலத்தடி நீர் மணற்கல்லுக்குள் ஊறி மேலேறுகிறது. நீர் காய்ந்ததும் உப்பு பூத்துக் கல்லை உள்ளிருந்து உதிர்க்கிறது. வடிகால் அமைத்து நீர்மட்டத்தை இறக்கும் பணிகள் நடந்திருக்கின்றன; கல்லுக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட உப்பை வெளியேற்றுவது தனி வேலை, தூண் தூணாகச் செய்ய வேண்டியது. உப்பு முதலில் அரிப்பது தூணின் அடியை. சேற்றிலிருந்து கோரை எழும் இடம் என்று ஒடுக்கிச் செதுக்கி, சுற்றிலும் முக்கோண உறை இலைகளை இட்டுவைத்த அதே அடியை.